கச்சான் காற்றுக்கு ஒரு ஹைக்கூ

புதுச்சேரிக்கு நாங்கள் இரண்டு பேர் போனோம். மொரிதா சான் போனது ஒரு இயந்திரத்தைப் பழுது பார்க்க. நான் போனது அவர் சொல்வதைத் தமிழிலும், மற்றவர்கள் சொல்வதை ஜப்பானிய மொழியிலும் சொல்ல. நகோயாவில் பத்தொன்பது வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான். கிளம்பும்போது அலுவலகத்தில் எல்லோரும், “உங்கள் ஊருக்குத்தானே போகிறீர்கள், உங்களுக்கென்ன” என்றார்கள். நான் பிறந்தது திண்டுக்கல் பக்கம். புதுச்சேரியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கடலைப் பார்த்ததும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறைதான். இதையெல்லாம் விளக்க நேரமில்லாமல் சிரித்துவைத்துவிட்டு வந்தேன்.

ஆலை புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்தது. புதன்கிழமை காலை மொரிதா சான் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, பத்தே நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். மாற்ற வேண்டிய உதிரிபாகம்தான் வந்து சேரவில்லை. வழியில் எங்கோ நின்றுவிட்டதாம், திங்கட்கிழமை நிச்சயம் என்றார்கள். நடுவில் நான்கு நாள். நான் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு அதை மொழிபெயர்த்தேன். மொரிதா சான் தலையசைத்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே கையடக்கமான ஒரு புத்தகம் இருந்தது.

அவரை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மதிய இடைவேளையில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி எண்ணுகிற மனிதர். ஹைக்கூ எழுதுகிறவர். ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலிகளுக்குள் அடக்க வேண்டும் என்பதால் அந்த எண்ணல். வயது அறுபத்தொன்று. பத்து வருடம் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட என்ன எழுதினீர்கள் என்று கேட்டதில்லை. பொழுது போகாதவர்களின் குறுக்கெழுத்துப் புதிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆலைக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் சாப்பிட்டோம். இலையில் சங்கரா மீன் குழம்பு. மொரிதா சானுக்கு வியர்வை காது நுனியில் சொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்தபோது மீன் முள் முழுசாக, சீப்பு போல, இலையின் ஓரத்தில் கிடந்தது. பரிமாறியவர் நின்று பார்த்துவிட்டு, “நம்ம ஆளுங்களே இப்டி சாப்ட மாட்டாங்க மேடம்” என்றார். இதை மட்டும் ஒரு வார்த்தை கூட விடாமல் மொழிபெயர்த்தேன்.

தங்கியிருந்தது கருவடிக்குப்பத்தில், மதாம் செலின் என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மாளின் வீட்டு மாடி அறைகளில். மாலை நாலரைக்கு ஆட்டோவில் ஏறினோம். ஓட்டியவர் பெயர் ஏழுமலை. அதன் பிறகு ஐந்து நாளும் அவர்தான் எங்களுக்கு வண்டி. வழுதாவூர் ரோட்டில் பாதி தூரம் வருவதற்குள் வானம் இருண்டு, யாரோ அண்டாவைக் கவிழ்த்தது போலக் கொட்டியது. பத்து நிமிடத்தில் சாலையில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஏழுமலை சீட்டைத் தூக்கி, எதையோ கழற்றி, தன் சட்டை முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். மொரிதா சான் இறங்கிப் போய் நனைந்தபடி அருகில் நின்று, ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எந்தப் பருவத்து மழை என்று கேளுங்கள்” என்றார் என்னிடம்.

கேட்டேன். ஏழுமலை நிமிரவே இல்லை. “இதுவா? இதெல்லாம் மழையில்ல மேடம். பகல்ல வெயிலு ஏறுச்சுன்னா சாயந்திரம் இப்டி கொட்டிட்டுப் போயிடும். மழைன்னா அது ஐப்பசியில வரும்.”

தலையிலிருந்து தண்ணீர் வழிய மொரிதா சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மழை இல்லாத மழை!” என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அது பருவச் சொற்களின் அகராதி. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், புத்தாண்டு என்று ஐந்து பகுதிகள். ஒரு ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருந்தாக வேண்டும். தவளை என்று எழுதினால் வசந்தம். தும்பி என்றால் இலையுதிர்காலம். கோடையின் சாயங்கால மழைக்கும் ஒரு தனிச் சொல் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, “இது ஒன்று சரியாக இருக்கிறது” என்றார்.

வியாழன் காலை மீனோடு வந்தாள் வளர்மதி. நாற்பது வயதிருக்கும். தவளக்குப்பத்தைத் தாண்டிக் கடலோரத்தில் அவள் குப்பம். தினமும் டெம்போவில் வந்து கருவடிக்குப்பம் தெருக்களில் அலுமினியக் கூடையைத் தலையில் வைத்து விற்கிறாள். மதாம் செலின் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “என்னா வளர்மதி, இவ்ளோதானா? வஞ்சிரம் எங்கே?” என்றார்.

“கச்சான் அடிக்குது மதாம். மீனெல்லாம் தூரப் போயிடுச்சு. போட்டுக்காரங்களும் தூரமாத்தான் போறாங்க. நெத்திலி எடுத்துக்குங்க, நல்லாருக்கும்.”

மாடிப்படியில் நின்றிருந்த மொரிதா சான், “அந்தப் பெண் என்ன சொன்னார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. கச்சான் என்ற சொல்லை அன்றுதான் நானும் கேட்கிறேன். தமிழிலேயே ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு அர்த்தம் தெரியாமல் ஒரு ஜப்பானியர் முன்னால் விழித்தது அதுதான் முதல் முறை. கீழே போய் வளர்மதியிடமே கேட்டேன்.

“கச்சான் தெரியாதா? எந்த ஊருக்கா நீங்க?” என்று சிரித்தாள். “மேக்காலேந்து அடிக்குற காத்து. இந்த ஆனி ஆடியில அடிக்கும். நெருப்பாட்டம் இருக்கும். வடக்கேந்து வந்தா வாடை. கெழக்கேந்து வந்தா கொண்டல். தெக்கேந்து வந்தா சோழகம். ஒவ்வொன்னுக்கும் ஒரு மாசம் இருக்குது.”

நான் சொல்லச் சொல்ல மொரிதா சான் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, “எது நல்ல காற்று என்று கேளுங்கள்” என்றார்.

வளர்மதி யோசிக்கவே இல்லை. “எங்க ஊட்டுக்காரரு போட்டைக் கரைக்குத் தள்ற காத்துதான் நல்ல காத்து” என்று சொல்லிக் கூடையைத் தூக்கினாள். போகும்போது திரும்பி, “சாருக்கு அவ்ளோ ஆசையா இருந்தா சனிக்கெழம எங்க ஊருக்குக் கூட்டினு வாங்கக்கா. காலைல எட்டு மணிக்கு போட்டெல்லாம் கரை ஏறும். பாக்கலாம்” என்றாள்.

அன்று முழுக்க நடந்தோம். ஹைக்கூக்காரர்களுக்கு நடப்பதும் எழுதுவதன் ஒரு பகுதி. முந்நூறு வருடத்துக்கு முன்னால் வைக்கோல் செருப்பு போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்த பெரியவர்கள் ஆரம்பித்து வைத்தது என்றார் மொரிதா சான். அவர்கள் எழுதியதெல்லாம் என்ன என்று கேட்டேன். “நத்தை, முள்ளங்கி, ஒழுகும் கூரை, ஈ” என்றார். “நான் சோகமாக இருக்கிறேன் என்று எழுதமாட்டார்கள். ஒழுகும் கூரையை எழுதுவார்கள். மிச்சத்தை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.” இப்படிச் சொன்னபோது முதல் முறையாக எனக்கு அது புதிராகத் தெரியவில்லை.

ஒரு காலி மனையில் நூற்றுக்கணக்கில் தட்டான்கள் பறந்துகொண்டிருந்தன. மொரிதா சான் புத்தகத்தைப் புரட்டினார். தும்பி, இலையுதிர்காலம். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த வெயிலைப் பார்த்தார். வேப்பம்பழங்கள் தெருவெல்லாம் உதிர்ந்து காலில் பிசுபிசுத்தன. புத்தகத்தில் வேம்பே இல்லை. தள்ளுவண்டியில் நாவல்பழம் வாங்கித் தின்றோம். அதுவும் இல்லை. என் நாக்கு நீலமாகிவிட்டதைப் பார்த்து அவர் சிரித்தார், அவர் நாக்கும் நீலம். கடற்கரைச் சாலைக்குப் போனபோது அங்கே நடந்த கூட்டத்தையும் வெள்ளைக் கட்டடங்களையும் மரியாதைக்கு ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு பாறை இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்த மொரிதா சான் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவருடன் ஊர் சுற்றினால் ஊரின் பத்தில் ஒரு பங்கைத்தான் பார்க்க முடியும். ஆனால் பார்த்தது மறக்காது.

வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் நின்று வாங்கினோம். மாவுக் கஞ்சியை இப்படிச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம் என்பது மொரிதா சானுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. இரண்டாவது சொம்பு வாங்கிவந்து கோயில் மதில் நிழலில் உட்கார்ந்தபோதுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார்.

நகோயாவில் அவருக்கு ஒரு ஹைக்கூ வட்டம். ஒன்பது பேர். முப்பது வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். போன மாதம் அவர் நிலாவைப் பற்றி ஒன்று வாசித்தார். பிறகு காய்கறிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் மெதுவாகச் சொன்னாராம்: “மொரிதா சான், இந்த நிலாவை நான் நிறையப் பேர் கவிதையில் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்த நிலா எங்கே?”

“கோபம் வந்ததா?” என்றேன்.

“வீட்டுக்குப் போய்ப் பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முப்பது வருடமாக நான் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் எது அழகு என்று இருக்கிறதோ அதை வெளியே போய்த் தேடியிருக்கிறேன்.” கூழை ஒரு வாய் குடித்தார். “இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். போனில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இதுவும் அப்படித்தான் இருந்தால் வட்டத்திலிருந்து விலகிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.”

முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் பத்து வருடம் பக்கத்து அறையில் இருந்ததில் இதை மட்டும் கற்றிருக்கிறேன்: அவர் குரலை இறக்கிப் பேசினால் விஷயம் பெரியது.

சனிக்கிழமை ஏழு மணிக்கே கிளம்பினோம். அரியாங்குப்பம் தாண்டியதும் ஏழுமலையின் ஆட்டோவில் கிளட்ச் கேபிள் அறுந்தது. கடை திறக்கக் காத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்பதரைக்கு எங்களை ஒரு டெம்போவில் ஏற்றிவிட்டார். “நீங்க முன்னால போங்க மேடம், நான் பின்னாலயே வந்துர்றேன்.” ஆறு பேர் உட்காரும் இடத்தில் பதினொரு பேர். மொரிதா சானின் மடியில் யாரோ ஒரு கட்டு கீரையை வைத்தார்கள். அதைத் தவளக்குப்பம் சந்திப்பு வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே இறங்கி, கிழக்கே போகும் சாலையில் நடந்தோம். காற்று முதுகில் அடித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற சூடு. “கச்சான்” என்றார் மொரிதா சான், தெரிந்தவர் ஒருவரைத் தெருவில் பார்த்தது போல.

குப்பத்துக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வீடுகள் திறந்து கிடந்தன, ஆள் இல்லை. எல்லோரும் கரையில் நின்றிருந்தார்கள். வளர்மதி தண்ணீர் தொடும் இடத்துக்கு நாலடி தள்ளித் தனியாக நின்றிருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்குப் போன படகுகள் எல்லாம் எட்டு மணிக்குள் திரும்பிவிட்டன. அவள் கணவன் குமாரும் அவன் தம்பியும் போன படகு மட்டும் வரவில்லை. போன் போகவில்லை. நான்கு படகுகள் தேடப் போயிருந்தன.

கடலைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கிடந்தது. அலை என்று சொல்ல எதுவும் இல்லை, கரையில் நுரை விளிம்பு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. வளர்மதிக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, அவள் அருகில் போய், “கடல் அமைதியாத்தானே இருக்கு வளர்மதி, வந்துருவாங்க” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு பெண்தான் என்னைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“கச்சான் கரைலேந்து உள்ள அடிக்குதுக்கா. அதான் அலை இல்ல. இப்ப இன்ஜின் நின்னு போச்சுன்னா காத்து போட்டை உள்ளதான் தள்ளினு போவும். எவ்ளோ தூரம்னு சொல்ல முடியாது. இப்டி அமைதியா இருந்தாத்தான் எங்களுக்கு பயம்.”

இதை மொரிதா சானிடம் சொன்னேன். அவர் கடலை மறுபடி பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன் அழகாக இருந்த அதே கடல்தான். இப்போது பார்க்கவே முடியவில்லை.

பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. கேபிள் மாற்றிக்கொண்டு ஏழுமலை வந்து சேர்ந்தார். விவரம் கேட்டதும் வண்டியிலிருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்துவந்து நின்றிருந்தவர்களுக்குக் கொடுத்தார். மொரிதா சானிடம், படகுகளின் நிழலில் உட்காரலாம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நின்றார். சட்டைப் பையில் புத்தகம் இருந்தது, நோட்டு இருந்தது, பேனா இருந்தது. எதையும் தொடவில்லை. வளர்மதியிடம் யாரோ மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கவில்லை. என் வாழ்க்கையில் அத்தனை பேர் அத்தனை நேரம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு மணி வாக்கில் மணலில் ஏற்றிவைத்திருந்த ஒரு படகின் மூங்கிலில் கட்டியிருந்த கொடித்துணி தொய்ந்து தொங்கியது. முதுகில் அடித்துக்கொண்டிருந்த சூடு நின்றது. இரண்டு மூன்று நிமிடம் காற்றே இல்லை. பிறகு அந்தத் துணி லேசாக அசைந்து, எங்கள் பக்கமாக, கரையைப் பார்த்துப் பறக்க ஆரம்பித்தது. முகத்தில் ஈரக் காற்று. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒரு ஆண் குரல், “காத்து திரும்பிடுச்சு!” என்றது. காலையிலிருந்து அந்தக் கரையில் நான் கேட்ட முதல் சத்தமான வார்த்தை அதுதான்.

மூன்றரைக்கு ஒரு புள்ளி தெரிந்தது. அது இரண்டு புள்ளியானது. ஒரு படகு இன்னொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தது. இழுத்து வரப்பட்ட படகில் எழுந்து நின்ற இரண்டு உருவங்களைப் பார்த்ததும் பெண்கள் அழுதார்கள். வளர்மதி அழவில்லை. படகு மணலில் முட்டியதும் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். குமார் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டிக் கை நீட்டி, படகுக்குள் கிடந்த தண்ணீர் கேனை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். காலி. அதைத் தூக்கி அவன் தோளில் ஒரு அடி அடித்தாள். பிளாஸ்டிக் கேன்தான், வலித்திருக்காது. பிறகு முழங்காலளவு தண்ணீரில் அப்படியே நின்றாள்.

மொரிதா சான் கரையில் நின்றவர்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். படகு மேலேறியதும் இன்ஜினைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, “நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லுங்கள்” என்றார்.

திங்கட்கிழமை உதிரிபாகம் வந்தது. ஆலையில் இயந்திரம் ஓடியது. கைகுலுக்கினோம், படம் எடுத்துக்கொண்டோம். மொரிதா சான் இன்றும் அந்த வட்டத்தில்தான் இருக்கிறார். அதையெல்லாம் விடுங்கள். சொல்ல வேண்டியது ஞாயிறு காலை.

ஆலையிலிருந்து இரவல் வாங்கிய ஸ்பேனர் பெட்டியோடு எட்டு மணிக்குக் கரைக்குப் போனோம். இன்ஜினைத் தார்ப்பாயில் இறக்கி வைத்திருந்தார்கள். மொரிதா சான் சப்பணமிட்டு உட்கார்ந்தார், எதிரே குமார். ஒருவருக்கு ஒருவர் மொழி தெரியாது. ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் சரியான ஸ்பேனரை வைத்தார். டீசல் வடிகட்டியைக் கழற்றி, உள்ளங்கையில் கவிழ்த்து, மொரிதா சான் காட்டினார். டீசலோடு தண்ணீர். குமார் நெற்றியில் அடித்துக்கொண்டான். பத்தொன்பது வருடத்தில் வேலையே இல்லாமல் நான் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம் அது. வளர்மதி எனக்கும் ஏழுமலைக்கும் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வர இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு மொரிதா சான் என்னருகில் வந்தார். போனை நீட்டினார். முந்தின நாள் அறைக்குத் திரும்பியதும் ஒரு ஹைக்கூ எழுதியிருக்கிறார். “இன்னும் ஒரு மணி நேரத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவருடைய விஷயம் அல்லவா?”

நான் மனசுக்குள் தமிழாக்கி, வளர்மதியைக் கூப்பிட்டுப் படித்தேன்.

கச்சான் காற்று —
காத்திருப்பவளின் முந்தானை
கடலை நோக்கிப் பறக்கிறது

எனக்குப் பிடித்திருந்தது. முந்தின நாள் என் கண்ணில் நின்றதும் கிட்டத்தட்ட அந்தக் காட்சிதான்.

வளர்மதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “இன்னொரு தபா சொல்லுங்க.” சொன்னேன். “எங்கக்கா பறந்துச்சு? நான் முந்தானைய இழுத்துச் சொருவி வச்சிருந்தேன். கச்சான்ல எவ முந்தானைய பறக்க உடுவா?”

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இடுப்பில் இறுக்கிச் சொருகியிருந்தது. ஐந்து மணி நேரம் பக்கத்தில் நின்றும் என் நினைவில் நானும் அதைப் பறக்கவிட்டிருக்கிறேன். மொரிதா சானிடம் அப்படியே சொன்னேன், மழுப்பவில்லை. மழுப்பக்கூடாது என்று அந்த நாலு நாளில் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் முகம் வெளிறியது. பிறகு வளர்மதியை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினார். “அய்யோ, என்னாத்துக்கு சாரு?” என்று அவள் பதறினாள். அவர் என்னிடம், “அந்த நேரம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் வேண்டாம்” என்றார்.

கேட்டேன். கடலை என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். கணவன் இன்ஜின் பக்கம் குனிந்திருந்தான். அவன் காதில் விழாதபடி குரலை இறக்கினாள்.

“கடல பாக்க முடிலக்கா. பாத்தா என்னென்னமோ தோணுது. காலடில ஒரு நண்டு இருந்துச்சு. சின்னது. அது பாட்டுக்கு வளை தோண்டினு இருந்துச்சு. மண்ண அள்ளினு வெளிய வரும், போடும், திரும்ப உள்ள போவும். அதத்தான் பாத்துனு இருந்தேன். அது உள்ள போனா, வெளிய வர்ற வரைக்கும் மூச்சு உடாம நிப்பேன்.”

நான் சொல்லி முடித்ததும் மொரிதா சான் எழுந்து தனியாகப் போனார். முந்தின நாள் வளர்மதி நின்ற இடத்துக்குப் போய் நின்று கீழே பார்த்தார். ஊசித் துளைகள் போல அங்கங்கே வளைகள், ஒவ்வொன்றின் வாயிலும் சிறு மண் உருண்டைகள். குந்தி உட்கார்ந்தார். விரல்களை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். வெகு நேரம் கழித்து வந்து போனை நீட்டினார்.

கச்சான் காற்று —
காத்து நிற்பவளின் காலடியில்
நண்டு வளை தோண்டுகிறது

படித்தேன். வளர்மதி அசையாமல் கேட்டாள். இந்த முறை இன்னொரு தபா சொல்லச் சொல்லவில்லை. மெதுவாகத் தலையாட்டினாள். “ஆமா. அப்டித்தான் இருந்துச்சு.”

பின்னால் இன்ஜின் ஒரு முறை உறுமி நின்றது. மறுபடி முடுக்கியதும் சீராக ஓட ஆரம்பித்தது. குமாரும் ஏழுமலையும் கத்தினார்கள். வளர்மதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “அவரு வந்துட்டாருன்னு இதுல இல்லியே?”

மொழிபெயர்த்தேன். “இல்லை” என்றார் மொரிதா சான். “சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“வேணாங்க்கா” என்றாள். “அப்ப தெரியாதில்ல.”

மொரிதா சான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வார்த்தையை ஜப்பானிய மொழியில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.